எந்தப் புகையிலை

போடியில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அவர் முதலில் கேட்பது ‘எது’ என்றுதான் இருக்கும். மழை வருகிறது என்றால், எந்தப் பக்கத்து மழை. காய்ச்சல் என்றால், எந்த நேரத்தில் அடிக்கிற காய்ச்சல். வீடு பார்க்கப் போன அன்று, பெட்டியோடு தனியாக வந்து நின்ற என்னிடம் தெருவில் எல்லோருக்கும் கேட்க ஏதோ இருந்தது. அவர் கேட்டது இதுதான்.

“மாடியில ரெண்டு ரூமு இருக்கு. கெழக்கால இருக்கதுல வெயில் விழும். மேக்கால இருக்கதுல மல தெரியும். எது வேணும்?”

மலை தெரிவது என்றேன். சாவியை எடுத்துக் கொடுத்தார். கணவரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். பின்னால் தெரிந்து அவர் சங்கடப்பட வேண்டாமே என்று நினைத்தேன்.

“எந்த ஊருல?” என்றார்.

“சிவகங்கையில.”

“சரி,” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அறைக்கு வெளியே மொட்டை மாடி முழுக்கச் செடிகள். பெயிண்டு வாளி, விளிம்பு உடைந்த குடம், ஏலக்காய் மூட்டைச் சாக்கு என்று எது கிடைத்ததோ அதில் மண்ணைப் போட்டு வளர்த்திருந்தார். ஒவ்வொன்றிலும் முறம் அகலத்துக்கு இலைகள். முட்டைக்கோஸ் வகை ஏதோ என்று நினைத்து ஓர் இலையைத் தொடப் போனேன்.

“தொடாத தாயி. பொகயில. பிசுக்கு ஒட்டும். கழுவாமச் சோறு தின்னா வாயெல்லாம் கசக்கும்.”

அவர் புகையிலை போடுகிறவர் இல்லை. வெற்றிலைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. ஏலக்காய்க் கடை ஒன்றில் காய் பொறுக்கும் வேலை. பச்சை, வெளுத்தது, வெடித்தது, பிஞ்சு என்று பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். காலையில் போய்ப் பொழுது சாயத் திரும்பி வருவார். வந்ததும் கைகால் கழுவிவிட்டு நேராக மாடிக்கு ஏறுவார். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். இரண்டு பேருமே நாள் முழுக்க ஏதோ ஒன்றைத் தரம் பிரித்துவிட்டு வருகிறவர்கள். மாலையில் பேச எங்களிடம் அதிகம் மிச்சமிருக்காது. அவர் தண்ணீர் ஊற்றுவார். நான் படியில் உட்கார்ந்து காபி குடிப்பேன். அந்த வருடம் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் குடிபோன புதிதில் தெருவில் பால்காரரை நாய் கடித்துவிட்டது. நகராட்சி என்ன செய்கிறது, தெருநாய்க்குச் சோறு வைப்பது யார் என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா கூட்டத்துக்குள் போய், பால்காரரிடம் “எந்த நாயி?” என்று கேட்டார். அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. செவலை என்றார், வாலில் வெள்ளை இருந்தது என்றார். அக்கா ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போனார். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் படுத்திருந்த ஒரு நாயைப் பிடித்து வந்து வீட்டுக் கம்பத்தில் கட்டினார். அதற்குச் சோறும் தண்ணீரும் வைத்து, வெறி பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பால்காரர் ஊசி போட்டுக்கொண்டார். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் காலையில் அவிழ்த்துவிட்டார். “இது இல்ல போல,” என்றார். அவ்வளவுதான். அந்த நாய் பிறகும் எங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அவர் அதைத் தடவிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. விரட்டியும் பார்த்ததில்லை.

புகையிலை எதற்காக என்று நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ந்த இலைகளுக்குக் கருப்பட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டே அவராகச் சொன்னார். அடுத்த வீட்டு விசேஷத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

அவருடைய கணவர் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தார். சனிக்கிழமை ஜீப்பில் இறங்கி வருவார், திங்கட்கிழமை விடியும்போது ஏறிவிடுவார். வாயில் எப்போதும் புகையிலை இருக்கும். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு படை வந்தது. பிறகு புண். பிறகு வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்து, கஞ்சியைச் சிரிஞ்சில் ஏற்றிப் பல் இடுக்கு வழியாக விட வேண்டியதாயிற்று. மதுரையில் பெரிய டாக்டர் பார்த்தார்.

“‘என்ன போடுவாரு’ன்னு கேட்டாரு. பொகயிலன்னேன். ‘எந்தப் பொகயில, பாக்கெட்டா, எலையா, எந்த ஊரு எல’ன்னாரு. எனக்குத் தெரியல.” தெளித்த இலையைப் புரட்டிப் போட்டார். “வாராவாரம் அவரு சட்டப் பையில இருந்து தூளத் தட்டிட்டுத்தான் துவைக்கப் போடுவேன். ஆனா எதுன்னு தெரியல.”

“அவருகிட்டக் கேக்கலையா?”

“அப்பத்தான் பேச்சு நின்னுபோச்சே. கேட்டேன். கைய ஆட்டுனாரு. வேணாங்குறாரா, தெரியாதுங்குறாரா, மேல மலையக் காட்டுறாரா, ஒண்ணும் புரியல.”

டாக்டருக்கு அந்தக் கேள்வி அத்தனை முக்கியமாக இருந்திருக்காது. பதில் வராததும் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அக்காவுக்கு அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. கணவர் இறந்து, காரியம் முடிந்து, அவருடைய பையைப் பிரித்தபோது அலுமினிய டப்பா ஒன்று கிடைத்தது. அதற்குள் கருத்த புகையிலைக் கட்டி ஒன்று, விரல் நீளத்துக்கு. அதை வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்.

முதலில் கடைகடையாகப் போய் வாங்கி வந்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கடையில் எல்லாம் கலந்தது. எந்த இலை எது என்று விற்பவருக்கே தெரியவில்லை. அதனால் செடியிலிருந்து தொடங்கினார். திண்டுக்கல் பக்கத்தில் புகையிலை பயிரிடும் சம்சாரிகளிடம் கேட்டு, பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, விதை வரவழைத்தார். புகையிலை விதை மூக்குப்பொடியைவிடச் சன்னமாக இருக்கும். மூச்சு பலமாக விட்டால் பறந்துவிடும். சாம்பலில் கலந்து தூவி, ஈரத்துணி போட்டு மூடி வைப்பார். எதையும் எழுதி வைக்க மாட்டார். ஒவ்வொரு வாளியின் பிடியிலும் ஒவ்வொரு சேலைக் கிழிசலைக் கட்டியிருந்தார். பச்சைப் பூப்போட்டது வட்டக்கப்பல் வகை, அதற்கு இலை அகலமாகத் தடித்து வரும். நீலக்கரை ஊசிக்கப்பல், நுனி கூர்ந்து போகும். கருவாழை, வெள்ளைவாழை என்று இன்னும் இரண்டு. பேர் தெரியாமல் வந்தவை தனியாக ஓர் ஓரத்தில். எல்லாவற்றிலும் தலையைக் கிள்ளிவிடுவார். கிள்ளினால்தான் இலை தடித்துக் காரம் ஏறும். ஒவ்வொரு வகையிலும் ஒரு செடியை மட்டும் பூக்க விட்டு, பழைய வேட்டித் துணியில் பை தைத்து மூடுவார். பூச்சி வந்து மகரந்தத்தைக் கலந்துவிட்டால் அடுத்த முறை எது எது என்று தெரியாமல் போய்விடும். துணிக்குள் எல்லாமே ரோஸ் நிறத்தில், சின்னச் சின்னக் குழலாகப் பூத்தன.

இலை பழுத்ததும் ஒடித்து, கயிற்றில் கோத்து, மாடி மூலையில் இருந்த தகரக் கொட்டகைக்குள் தொங்கவிடுவார். காய்ந்து பதமானதும் டப்பாவை எடுத்து வந்து உட்காருவார். இதைக் கசக்கி முகர்வார், அதை முகர்வார். “இது இல்ல,” என்று அந்த இலைக்கட்டை ஓரமாக வைப்பார். ஏமாற்றம் ஒன்றும் முகத்தில் தெரியாது. வெடித்த ஏலக்காயை அதற்குரிய குவியலில் போடுவது போலத்தான்.

ஒரு முறை மழை விட்ட காலையில் ஈரத்தோடு இலை ஒடித்தார். நான் வேலைக்குக் கிளம்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஈர இலையின் சாறு தோல் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, சேலை மாற்றச் சொல்லி, கீழே கூட்டிவந்து படுக்கவைத்தேன். நாடி தாறுமாறாக ஓடியது. கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

“எந்தச் செடிகிட்ட நின்னப்போ தல சுத்துச்சுன்னு நீ பாத்தியா?”

“பாக்கலக்கா.”

“நானும் கவனிக்காம விட்டுட்டேன்.”

அவருடைய கொழுந்தனார் தேவாரத்தில் விவசாயம் பார்க்கிறவர். மாதத்துக்கு ஒரு தடவை காய்கறி, வாழைக்காய் என்று ஏதாவது கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். வரும்போதெல்லாம் மாடியைப் பார்த்துச் சத்தம் போடுவார்.

“ஏன் மதினி, அண்ணனக் கொன்ன எழவ வீட்டுக்கு மேலயே வளக்குறீங்களே, நாலு பேரு என்ன பேசுவான்?”

“எது கொன்னுச்சு? தெரிஞ்சாச் சொல்லுங்க. அதப் பிடுங்கிர்றேன்.”

 அவர் வாழைக்காய்ப் பையைக் கவிழ்த்துவிட்டுக் காபி குடிக்காமலே போய்விடுவார்.

அடுத்த மழைக்காலம் தொடங்கியிருந்தது. மேலே தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் காய்ச்சலோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். செல்வி என்று பெயர். ரத்தம் எடுக்கும்போது அவள் காலிலிருந்து ஒரு வாடை வந்தது. கணுக்கால் முழுக்க அட்டை கடித்த தழும்புகள், மேலே பழுப்பாக ஏதோ தேய்த்திருந்தாள். அந்த வாடை எனக்குப் பழக்கமானது. புகையிலையும் ஏலக்காயும் சேர்ந்த வாடை. அக்கா அந்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் வருவது அதுதான். சட்டைப் பையில் ஏலக்காய் கிடந்து ஒட்டிய வாடை என்று அக்கா நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“கால்ல என்ன தேச்சிருக்க?”

“பொகயில, சேச்சி. தேச்சா அட்டை அண்டாது.”

“கடையில வாங்குனதா?”

“நாங்க குடியிருக்க லயத்துக்குப் பின்னாடியே நிக்குது. ஏலக்கா ஒணத்துற ஸ்டோர்ல, சூட்டுல தொங்கவிட்டு எடுப்போம்.”

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். அக்காவின் கணவர் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு கொடுத்தாள்.

அன்று மாலை அதை அக்காவிடம் கொடுத்தேன். முகர்ந்தார். டப்பாக் கட்டியை எடுத்து, இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வெந்நீரில் ஊறப்போட்டு, மெதுவாகப் பிரித்து விரித்தார். மாடியில் இருந்த வகைகளுக்கெல்லாம் இலை தண்டோடு ஒட்டியே இருக்கும். இந்த இரண்டுக்கும் காம்பு இருந்தது. சிறிய, வட்டமான, தடித்த இலை. அவர் விரலால் அந்தக் காம்பைத் திரும்பத் திரும்ப நீவினார்.

“நாளைக்கு உனக்கு லீவு கெடைக்குமா?” என்றார்.

மறுநாள் ஜீப்பில் ஏறினோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவைகூட அந்த மலைக்குப் போனதில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். போடிமெட்டில் இறங்கி, இன்னொரு ஜீப்பு மாறி, தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. செல்வி காய்ச்சல் விட்டு லயத்தில்தான் இருந்தாள். தான் யார் என்று அக்கா சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள்.

“அண்ணன் வீட்டுக்காரியா? முன்னாடியே வந்திருக்கக் கூடாதா அக்கா.”

பின்னால் கூட்டிப்போனாள். இடுப்புயரத்துக்குச் செடிகள், ஒரு பாத்தி முழுக்க. பூ மஞ்சளும் பச்சையுமாக, கட்டைகுட்டையாக இருந்தது. அக்கா குனிந்து ஒரு பூவைத் திருப்பிப் பார்த்தார்.

“யாரு நட்டது?”

“அண்ணன்தான். இங்க வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன் ஒருத்தன் ஊருல இருந்து வெத கொண்டாந்திருந்தான். அண்ணன் அவங்கிட்டக் கொஞ்சம் கேட்டு வாங்கித் தூவி விட்டாரு. எங்க காலெல்லாம் அட்டை கடிச்சுப் புண்ணாக் கெடந்துச்சு. கடையில வாங்கித் தேய்க்க முடியுமா? இது இருக்குறதால இப்பப் பரவால்ல.”

“அவரு வாயில போட்டதும் இதுதானா?”

“கடேசி வருசங்கள்ல இதுதான். நல்ல காரமா இருக்குன்னு சொல்வாரு.”

“அதுக்கு முன்னாடி?”

செல்வி என்னைப் பார்த்தாள். “அதுக்கு முன்னாடி கைக்குக் கெடச்சதப் போடுவாரு அக்கா. யாரு குடுத்தாலும் வாங்கிக்குவாரு.”

 அட்டை ஒன்று அக்காவின் காலில் ஏறிக்கொண்டிருந்தது. செல்விதான் குனிந்து தட்டிவிட்டு, ஓர் இலையைக் கசக்கி அவருடைய கணுக்காலில் தேய்த்துவிட்டாள். அவர் காலைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பால் விடாத கட்டன் சாயா குடித்துவிட்டுக் கிளம்பினோம். ஜீப்பில் தோட்டத்துப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். அக்கா என்மேல் சாய்ந்தபடி இருந்தார். பாதி மலை இறங்கிய பிறகு, “செடி வளக்குறேன்னு எங்கிட்ட ஒரு நா சொல்லிருக்கலாம்,” என்றார். முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. எனக்கு என்ன தோன்றியது என்று இப்போது யோசித்தால், ஒன்றும் தோன்றவில்லை. அவருடைய தலை பாரமாக இருந்தது. மலையடிவாரத்தில் முந்தலில் இறங்கும்வரை தோளை அசைக்காமல் வைத்திருந்தேன்.

கொழுந்தனார் அடுத்த தடவை வந்தபோது மாடியில் பாதி வாளிகள் காலியாக இருந்தன. அக்கா யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொன்றாகத் தண்ணீர் விடுவதை நிறுத்தியிருந்தார்.

“தெரிஞ்சுபோச்சா மதினி?” என்றார் கொழுந்தனார். சத்தம் போடவில்லை.

“கடேசில போட்டது தெரிஞ்சுச்சு. அவரே நட்டது. அதுக்கு முன்னாடி போட்டது எதுன்னு தெரியாது.”

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பெரிய ஆள். அழும்போது முதுகு குலுங்கியது.

“நானும் குடுத்திருக்கேன் மதினி. மேல போறப்பெல்லாம் பொட்டலம் பொட்டலமாக் கட்டிக் குடுத்திருக்கேன். அண்ணன் கேட்டா எப்படி இல்லங்குறது?”

அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

“எந்தக் கடையில வாங்குனீங்க?” என்றார்.

“நெனப்பு இல்ல மதினி.”

“சரி. சோறு திங்கலாம், வாங்க.”

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன். அன்றைக்கு அவர் காபியும் குடித்துவிட்டுத்தான் போனார்.

நான் அந்த வீட்டில் இருந்த கடைசி மழைக்காலத்தில் அக்காவின் கணவருடைய வருசத் திதி வந்தது. சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அக்கா சொல்லி அனுப்பி, செல்வியும் மலையிலிருந்து வந்திருந்தாள். தலைவாழை இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, அதிரசம், பழம், புது வேட்டி என்று எல்லாம் வைத்தார்கள். இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் வைப்பதுதான் வழக்கம். முன் வருடங்களில் புகையிலை வைக்கவில்லையாம். எதை வைப்பது என்று தெரியாமல் அக்கா வைக்கவிடவில்லை என்று கொழுந்தனார் என்னிடம் சொன்னார். இந்த முறை அக்கா உள்ளே போய், செல்வி கொண்டுவந்திருந்த காம்பு வைத்த இலையை ஒரு கட்டாக எடுத்துவந்து, பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு பெரியம்மா முகத்தைச் சுளித்தார். யாரும் தடுக்கவில்லை. சூடம் காட்டினார்கள். காக்கைக்குச் சோறு வைத்தார்கள்.

படையலை எடுத்ததும் அதிரசத்தையும் பழத்தையும் பங்கு போட்டார்கள். வேட்டியைக் கொழுந்தனார் வாங்கிக்கொண்டார். புகையிலை மட்டும் இலையில் கிடந்தது. அந்தப் பக்கம் ஒருவர் கையும் போகவில்லை.

அக்கா அதை எடுத்துச் செல்வியிடம் நீட்டினார். “மேல மழ பிடிச்சிருச்சாமே. வெரசாக் கெளம்பு, ஜீப்பு போயிரும்.”

“இது படையல்ல வச்சதுக்கா. கால்ல போயி எப்படித் தேய்க்கிறது?”

“கால்ல தேய்க்கத்தான அவரு நட்டாரு. தேச்சுக்க.”

செல்வி வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். அக்கா வாழை இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஈரத்தரையில் வழுக்காமல் பார்த்துக் கால் வைத்து, கொல்லைப் பக்கம் போனார்.